கையில் வந்த கொடி

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் இருந்தபடி தங்கள் விளையாட்டுப் பக்கத்தை இணையத்தில் தவறாமல் படிப்பவன் நான். உலகக் கோப்பை 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று பெருத்ததைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள். சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் டிவியில் வருவது மட்டும்தான் கால்பந்து என்று வாசகர் நினைத்துவிடக் கூடாதே என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கே வந்த புதிதில் வார இறுதி முழுக்க அறைக்குள்தான் கிடப்பேன். வேலைக்குத் தேவையான மொழி தெரியும், தெருவில் பேசுவது பாதிதான் புரியும். ஒரு ஞாயிறு காலை நடக்கப் போனபோது, பூங்காவை ஒட்டிய திடலில் இரண்டு அமெச்சூர் அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. டிக்கெட் இல்லை, கேலரி இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் இருபது பேர் இருக்கலாம், அதிலும் பாதி ஆடுகிறவர்களின் வீட்டார். நானும் போய் நின்றேன்.

டிவி பார்த்துப் பழகியவனுக்கு முதலில் உறைத்தது சத்தம்தான். பந்து காலில் படும் 'தொப்', ஓடுகிறவரின் மூச்சிரைப்பு, கோல்கீப்பரின் ஓயாத கத்தல். கோலும் அப்படித்தான். 7.32 மீட்டர் அகலம் என்று படித்திருக்கிறேன், திரையில் பார்த்தால் ஏதோ ஜன்னல் போலத் தெரியும். அதன் பின்னால் போய் நின்றால், இத்தனை அகலத்தை ஒற்றை ஆள் எப்படிக் காக்கிறார் என்று பயமாக இருக்கிறது. கோல் விழும்போது குனிந்திருந்தால் போச்சு, திரும்பப் போட்டுக் காட்ட யாரும் இல்லை.

அன்று ஒரு அணியில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி என்பதால் தொடங்கிவிட்டார்கள். பத்தாவது ஆள் பாதி தூக்கத்தில் எழுந்து வந்தவர் போல, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருபதாவது நிமிடத்தில் உள்ளே ஓடினார். எதிரணியில் மூச்சு வாங்கி வெளியே போன ஒரு பெரியவர், கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப இறங்கினார். தொழில்முறை ஆட்டத்தில் இது நடக்காது. இந்த மட்டத்தில் மட்டும் விதி அனுமதிக்கிறது.

மூன்றாவது வாரம் என் கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள்! இந்த ஆட்டங்களுக்குத் துணை நடுவர்கள் கிடைப்பது அபூர்வம், ஆளுக்கொரு பக்கம் யாரையாவது நிறுத்திக்கொள்வார்கள். ஆஃப்சைடைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், பந்து வெளியே போனால் மட்டும் தூக்கும்படியும் நடுவர் சைகையில் சொன்னார். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பந்து கோட்டின் மேல் உருண்டுகொண்டிருந்தபோதே தூக்கிவிட்டேன். அதுவரை அடித்துக்கொண்டிருந்த இரண்டு அணிகளும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டின. ஒரு வார்த்தையும் புரியவில்லை, பொருள் மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆட்டம் முடிந்ததும், அதிகமாகக் கத்தியவரே தோளில் கைபோட்டு, அடுத்த ஞாயிறும் பத்து மணிக்கு வா என்று விரலை விரித்துக் காட்டினார். இந்த ஊரில் என்னை யாரோ எதிர்பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் இனிமை என்று சொல்ல மாட்டேன். நடுவராக வருபவர் பல வாரம் மீசை முளைக்காத பையன். அவனைப் பார்த்துக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள் கத்துவதைக் கேட்டால் கூசுகிறது. டிவி முன் உட்கார்ந்து திட்டினால் யாருக்கும் கேட்காது, இங்கே பத்தடி தூரத்தில் நிற்கிறான்.

தங்கள் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கி, அந்தந்த வார உள்ளூர் ஆட்டங்கள் எந்தத் திடலில், எத்தனை மணிக்கு என்று போட்டால் போதும். அலசலெல்லாம் வேண்டாம். வெளிநாட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களும் அங்கே பக்கத்துத் திடலுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். கொடி கையில் வந்தால், முழுப் பந்தும் கோட்டைத் தாண்டும்வரை தூக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடல் கடந்த வாசகன்