மேட்டில் அணையும் என்ஜினும் மிக்சர் ஸ்க்ரூவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கருவி) ஜீப்புகளைக் கரடுமுரடான பாதைகளுக்குத் தயார்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். செங்குத்தான ஏற்றத்தில் என்ஜின் அணைந்தால் மிக்சர் ஸ்க்ரூவை (கலவையைத் திருத்தும் திருகு) கால் சுற்றுத் திறந்துவிடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் பெரிய மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் அளவை வரையறுக்கும் துளையுள்ள சிறு பாகம்) போடுங்கள் என்கிறது கட்டுரை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுவதே என் பிழைப்பு. இப்படிப்பட்ட யோசனைகளைக் கேட்டுவிட்டு வரும் வண்டிகள் கடைசியில் என் கைக்குத்தான் வருகின்றன. பிளக்கெல்லாம் கரி, ஆயிலைத் தொட்டு முகர்ந்தால் பெட்ரோல் வாடை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மிக்சர் ஸ்க்ரூவின் அதிகாரம் ஐட்லிங்கோடும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டம்) அதற்குச் சற்று மேலோடும் முடிந்துவிடுகிறது. ஏற்றத்தில் நடப்பது வேறு சங்கதி. கார்புரேட்டரின் சிறு பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில், ஃப்ளோட் என்ற மிதவை நீடில் என்ற ஊசி வால்வைத் திறந்து மூடுவதால், பெட்ரோல் ஒரு மட்டத்தில் நிற்கிறது. காற்று போகும் தொண்டையில் பெட்ரோல் வெளிவரும் முனையான நாசில் அந்த மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. சேம்பரின் நடுவிலிருந்து நாசில் 40 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 30 டிகிரி ஏற்றத்தில் ஏறுகிறது. சைன் 30 என்பது அரை. ஆக, இரண்டுக்கும் இடையே 20 மி.மீ. ஏற்றத்தாழ்வு உண்டாகிவிடுகிறது. சேம்பர் முன்பக்கம் இருக்கும் கார்புரேட்டரில் நாசில் கீழே போய், யாரும் கேட்காமலேயே பெட்ரோல் என்ஜினுக்குள் வழிகிறது. சேம்பர் பின்பக்கம் இருந்தால் நாசில் மேலே போய் என்ஜின் பட்டினி கிடக்கிறது. இறக்கத்தில் இவை இரண்டும் அப்படியே இடம் மாறும். வழிகிற என்ஜினுக்கு மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்துவிடுவது, நிரம்பி வழியும் தொட்டிக்கு இன்னொரு குழாயையும் திறந்துவிடுவதைப் போன்றது.

எனவே முதலில், அணைந்தது பெட்ரோல் கூடியதாலா, குறைந்ததாலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூடினால் கரும்புகை வரும். புகை கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். குறைந்தால் கார்புரேட்டர் வழியாகவே 'டப் டப்' என்று தும்மிவிட்டு அணையும். வழிந்து அணைந்த என்ஜினுக்குப் பலர் பதறிப்போய், காற்றை அடைத்துக் கலவையைச் செறிவாக்கும் சோக்கை இழுக்கிறார்கள். அது ஆகாது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். காலை எடுத்து எடுத்து மிதித்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் மேலும் பெட்ரோலைப் பீச்சும்.

வழிகிறது என்று உறுதியானால் கை வைக்க வேண்டிய இடம் ஃப்ளோட். அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட மட்டத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இறக்கிவைத்தால் பல வண்டிகள் அடங்கிவிடும். ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து அளவை மாற்றும்போது நீடிலின் மேல் அழுத்தக் கூடாது. முனையில் பள்ளம் விழுந்தால் பிறகு எந்த அளவும் நிற்காது. அதற்காக மட்டத்தை ஒரேயடியாக இறக்கிவிட்டால் முழு ஆக்சிலரேட்டரில் என்ஜின் இழுக்காது. இறக்கியபின் நெடிய ஏற்றம் ஒன்றில் முழு பாரத்தோடு ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும்.

டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலைக் கொண்டுவரும் பம்பின் அழுத்தத்தைக் கட்டுரை தொடவே இல்லை. பல கார்புரேட்டர்களுக்கு 3 முதல் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை போதும், சிலவற்றுக்கு அதிலும் குறைவே நல்லது. இன்ஜெக்ஷன் வண்டியிலிருந்து எடுத்த மின்சாரப் பம்பை 'பவர்' என்று சொல்லி மாட்டுகிறார்கள். அது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளக்கூடியது. பாவம், ஒரு சிறு மிதவை அந்த அழுத்தத்தை எதிர்த்து நீடிலை எப்படி மூடும்? நீடில் உட்கார்ந்து அடைக்கும் சீட்டின் துளைக்கும் இதே கணக்குத்தான். 2 மி.மீ. துளைக்குப் பதில் 2.5 மி.மீ. துளை போட்டால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. நீடிலைத் திறக்கப் பார்க்கும் விசையும் அதே அளவு கூடுகிறது. பாறைமேல் ஊர்ந்து போகிறவருக்குப் பெரிய துளையால் ஒரு பயனும் இல்லை. குலுங்கும் பாதைக்கு ஸ்பிரிங் வைத்த நீடில் நல்லது. ஃப்ளோட் துள்ளும் துள்ளலை அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும்.

மேனிஃபோல்டு (கார்புரேட்டர் உட்காரும் குழாய்த் தொகுதி) இடம் கொடுத்தால், சேம்பர் தொண்டைக்குப் பக்கவாட்டில் வரும்படி அடாப்டர் வைத்துக் கார்புரேட்டரைத் திருப்பி மாட்டலாம். ஏற்ற இறக்கத்தின் தொல்லை பெரும்பாலும் ஒழியும். பக்கச் சரிவில் அதே தொல்லை தலைகாட்டும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி பக்கவாட்டில் 30 டிகிரி சாய்ந்துவிட்டால் ஓட்டுபவருக்குக் கார்புரேட்டரைவிடப் பெரிய கவலைகள் இருக்கும். சேம்பரின் மூச்சுக்குழாய்களையும் பார்க்க வேண்டும். சாய்ந்த நிலையில் பெட்ரோல் அவற்றின் வழியாகவும் தொண்டைக்குள் கொட்டும். இரண்டு சேம்பர் உள்ள கார்புரேட்டர்களில் இரு மூச்சுக்குழாய்களையும் ஒரு ஹோஸால் இணைத்து, மேல்பக்கம் காற்றுக்குத் துளை விடுவது நெடுநாள் வழக்கம்.

ஆக்சிலரேட்டர் பம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லிலும் பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போது ஓட்டுபவரின் கால் தன்னையறியாமல் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பம்ப் ஒரு பீச்சு பீச்சுகிறது. அரை மணி நேரம் இப்படிப் போனால் பிளக் கருத்துவிடும், பழி மெயின் ஜெட்டின் மேல் விழும். பம்பை அசைக்கும் லிங்கை (இணைப்புக் கம்பியை) அடுத்த துளைக்கு மாற்றிப் பம்பின் வீச்சைக் குறைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைவிட மலிவான வைத்தியம் வேறில்லை.

கார்புரேட்டர் குற்றமற்றது என்று தெரியவரும் சமயங்களும் உண்டு. டாங்க் மூடியின் காற்றுத்துளை சேற்றில் அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஓடிய வண்டி மெல்லத் திணறி நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் வியாதி அங்கேதான். டாங்கில் கால்வாசிக்குக் கீழே பெட்ரோல் வைத்துக்கொண்டு மேடேறினால் உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கும். வெயிலில், மெதுவாக ஊரும்போது, சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதும் உண்டு. குழாயை விலக்கிக் கட்டி, மின்சாரப் பம்பை டாங்குக்கு அருகில் தாழ்வாக வைத்தால் அது குறையும். உறிஞ்சப்படும் பெட்ரோலைவிடத் தள்ளப்படும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது.

ஜெட்டை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடுகிறது. அதே ஜெட்டில் கலவை 15 சதவீதம் அளவுக்குச் செறிவாகிவிடும். அங்கே தேவை சிறிய ஜெட், கட்டுரை சொல்லும் பெரிய ஜெட் அல்ல. பெரிய ஜெட்டுக்கு நியாயம் இருப்பது எத்தனால் கலந்த பெட்ரோலில். எடைக் கணக்கில், கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். ஆகவே பழைய ஜெட்டில் கலவை நீர்த்துப்போகும். பழைய ரப்பர் குழாயையும் டயாஃப்ரத்தையும் (பம்பின் சவ்வு) எத்தனால் அரிக்கும் என்பதால் அவற்றை முதலில் மாற்றிவிட்டே ஜெட்டுக்கு வர வேண்டும்.

இவற்றில் எதை விட்டாலும் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கட்டுரை ஒரு பத்தி முழுவதும் மின்சாரப் பம்பைப் புகழ்ந்துவிட்டு, அதை நிறுத்தும் ஏற்பாட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. என்ஜினோடு ஓடும் பழைய பம்ப் என்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். சாவியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் பம்ப் நிற்காது. வண்டி கவிழ்ந்து, குழாய் அறுந்து, சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், அல்லது மோதலில் தானே துண்டிக்கும் சுவிட்ச், இரண்டில் ஒன்று இல்லாமல் மின்சாரப் பம்பை மாட்டவே கூடாது. என் கடிதத்தின் மற்றப் பகுதிகளை இடமின்மையால் வெட்ட நேர்ந்தாலும், இந்தப் பத்தியை மட்டுமாவது அதே வாகனப் பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், ஒரு கார்புரேட்டர் மெக்கானிக்