கொடிவழி சரிபார்ப்பும் சித்திரை ஒன்றுகூடலும்: செயலாளர் ஆண்டறிக்கை

நான்கு வகையறாப் பங்காளிகளுக்கும், மாமன் மச்சான் முறையினருக்கும், பிறந்த ஊர் தேடி வந்திருக்கும் பெண்மக்களுக்கும் செயற்குழுவின் வணக்கம்.

ஒன்றுகூடல் வழக்கம்போலச் சித்திரைக் கடைசியில் கோயில் திடலில் நடந்தது. தை, மாசியில் வைத்தால் சம்பா அறுவடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை. ஐப்பசி, கார்த்திகையில் திடலிலேயே தண்ணீர் நிற்கும். வெயில் ஒன்றைத் தாங்கிக்கொண்டால் சித்திரைதான் தோது. வரவு செலவு தனித்தாளில் உள்ளது, பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, யாருக்கு யார் பிள்ளை என்று தலைமுறை வாரியாகக் காட்டும் கொடிவழி அட்டவணை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்கு அதே பெயர் வருகிறது. இறந்த நாளையும் முன்னோர் தமிழ் வருஷத்தில்தான் குறித்து வைத்தார்கள். ‘பார்த்திப வருஷம் ஆவணி’ என்றால் 1885-ஆகவும் இருக்கலாம், 1945-ஆகவும் இருக்கலாம். 60 வருஷம் பிசகினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பழைய அட்டவணையில் அப்படித்தான் ஆகியிருந்தது. இதற்குத் தீர்வு பத்திரம். அந்தப் பெயரில், அந்த வருஷத்தில் எழுதிய பத்திரம் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள்: விக்டோரியா ராணி தலை இருந்தால் தாத்தா, ஆறாம் ஜார்ஜ் இருந்தால் பேரன்.

கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் அதைவிட மேல். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் வரிசையாக இருப்பார்கள். ஆனால் அக்கா தங்கைகள் இருக்க மாட்டார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமானது. அதற்கு முந்திய பத்திரங்களை மட்டும் வைத்து எழுதியதால் நம் அட்டவணையில் பாதிக் குடும்பத்தைக் காணோம். அவர்கள் இருப்பது மொய் நோட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும். மொய் நோட்டில் ஊர் வாரியாக எழுதியிருப்பதால் எந்தப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது தெரிந்துவிடும். பரணில் கிடப்பதைக் கரையானுக்கு விடாமல், பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

ஊரை எழுதும்போது மாவட்டத்தை நம்பாதீர்கள். நாகப்பட்டினம் 1991-இலும், திருவாரூர் 1997-இலும், மயிலாடுதுறை 2020-இலும் தனி மாவட்டம் ஆயின. 1991-க்கு முந்திய தாளில் எல்லாமே தஞ்சாவூர்தான். கிராமத்தையும் வட்டத்தையும் எழுதுங்கள்.

பழைய புகைப்படங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். ஈரக்காற்றில் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள்.

அட்டவணையை இனி ஃபிளெக்ஸில் அடிப்பதில்லை. அடித்தபின் திருத்த முடியாது; பெயர் விட்டுப்போன வீட்டாரின் கோபம் அடுத்த சித்திரை வரை தணியாது. சார்ட் தாளில் பென்சிலால் எழுதித் திடலில் ஒட்டுகிறோம். மூத்தவருக்கு 1, பிள்ளைகளுக்கு 1.1, 1.2, பேரப்பிள்ளைகளுக்கு 1.1.1 என எண் போகும். ஒரே பெயர் எத்தனை முறை வந்தாலும் எண் மாறாது. மகன் வழி, மகள் வழி இரண்டுக்கும் ஒரே முறைதான். இளையதாரத்துப் பிள்ளைகளின் எண்ணுக்குப் பக்கத்தில் தாயின் பெயரையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வயது கணக்கு இடிக்கும்.

சாப்பாடு பற்றி வந்த குறைகள் நியாயமானவை. 100 பேருக்கு 12 கிலோ அரிசிக் கணக்கில் சோறு போதுமானதாக இருந்தது. பாயசம் முதல் பந்தியில் இரண்டு சுற்று போனதால் மூன்றாம் பந்திக்கு எட்டவில்லை. இனிப் பந்திக்கு ஒரு வாளி என்று முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும். விடியற்காலையில் மொத்தமாக வடித்துக் கொட்டிய சோறு உச்சி வெயிலில் நொதித்துவிடுகிறது. மூன்று ஈடாக, பந்தி பார்த்து வடிக்கச் சொல்லியிருக்கிறோம். தயிருக்கு உறை குறைவாக, இரவு பிந்தி ஊற்ற வேண்டும்.

தலைக்கட்டு வரியில், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் வரியில், மாற்றம் இல்லை. மகள் வழியினர் விரும்பினால் தலைக்கட்டாகச் சேரலாம் என்ற தீர்மானம் இன்று பொதுக்குழு முன் வருகிறது. செயற்குழு அதை ஆதரிக்கிறது.

வெளிநாட்டில் இருப்போர் 2028 மகாமகத்தோடு ஒன்றுகூடலைச் சேர்த்து வைக்கக் கேட்டிருக்கிறார்கள். செயற்குழு இசையவில்லை. அந்த நாட்களில் கும்பகோணத்தில் அறையும் கிடைக்காது, அண்டா குண்டானும் வாடகைக்குக் கிடைக்காது.

இப்படிக்கு,
செயலாளர்