லேப்டாப்போடு ஒரு ரிக்கவரி பென் டிரைவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இப்போது வாங்குகிற லேப்டாப்போடு விண்டோஸ் சிடி தருவதில்லை, சிடி போடுகிற இடமே பெரும்பாலானவற்றில் கிடையாது. அதற்குப் பதில் டிஸ்க்கின் ஒரு மூலையில் ரிக்கவரி பார்ட்டிஷன் என்று கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள், விண்டோஸ் கெட்டுப்போனால் அதை வைத்து மீட்டுக்கொள்ளலாம். சரி, டிஸ்க்கே செத்துப்போனால்? அந்த வழியும் அதோடு போச்சு. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவிக்கு இதுதான் நடந்தது. சர்வீஸ் கடையில் புது எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டி, திருட்டு விண்டோஸை ஏற்றி, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிவிட்டார்கள். அவள் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸ் அந்த மெஷினிலேயே இருக்கிறது! விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கிற லேப்டாப்களில் ப்ராடக்ட் கீ, அதாவது லைசன்ஸ் எண், பெரும்பாலும் டிஸ்க்கில் அல்ல, மதர்போர்டு என்கிற உள் பலகையிலேயே பதிந்திருக்கும். ஹோம் பதிப்போடு வந்ததில் அதே ஹோம் பதிப்பைப் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இதற்கு வழி, விண்டோஸைத் திரும்பப் போட உதவும் ரிக்கவரி பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து வைப்பதுதான். லேப்டாப் நன்றாக ஓடும்போதே ஸ்டார்ட் மெனுவில் 'ரிக்கவரி டிரைவ்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 16 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் வேண்டும், 32 இருந்தால் கவலையில்லை. அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று கேட்கிற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், அது இல்லாவிட்டால் ரிப்பேர் பார்க்கும் வசதி மட்டும்தான் வரும், விண்டோஸைத் திரும்பப் போட முடியாது. உங்கள் போட்டோ, பாடக் குறிப்புகள் எதுவும் இதில் சேராது, அவற்றைத் தனியாகத்தான் பேக்கப் எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே படுத்துவிட்ட லேப்டாப் என்றாலும் வழி இருக்கிறது. வேறொருவர் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் போடுவதற்கானதைத் தயார் செய்துவிடலாம். பலர் இந்த டூலுக்குப் பதில் ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸ் சிடி முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பது) இறக்கி, அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிட்டு, அதிலிருந்து பூட் ஆகவில்லையே, அதாவது கம்ப்யூட்டர் தொடங்கவில்லையே என்கிறார்கள். அப்படி ஆகாது, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அப்புறம் பென் டிரைவைச் செருகி ஆன் செய்தவுடன் டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தினால் பூட் மெனு வரும், அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொன்று. புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, அதாவது பூட்டுப் போட்டதுபோல் இருக்கும். ரிப்பேர் செய்யப்போனால் அதைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் கீயைக் கேட்கும், அது இல்லாமல் பழைய ஃபைல்களைத் திறக்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கிறதா என்று இப்போதே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பேக், மவுஸ் என்று சேர்த்து விற்கிற கடைக்காரர்கள் இந்தப் பென் டிரைவையும் தயார் செய்து கொடுக்கலாமே, காசு வாங்கிக்கொண்டாவது. உங்கள் நாளிதழும் இந்தச் செய்முறையைப் படங்களோடு ஒருமுறை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை