எல்லோரும் பார்த்த ஒரே பொருட்காட்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் மற்ற ஐந்து பாடங்களுக்கும் தலா 100 மதிப்பெண், முதல் மொழிக்கு மட்டும் 125. மொத்தமுள்ள 625-இல் ஐந்தில் ஒரு பங்கு. தமிழை முதல் மொழியாக எடுக்கும் நம் பிள்ளைகள் அந்த 125-ஐ எப்படி வாங்குகிறார்கள் என்று கிட்டே போய்ப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அல்சூரில் என் வீட்டுக்குச் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் படிக்க வருவார்கள். ‘நான் கண்ட பொருட்காட்சி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், அத்தனை பேரும் சென்னை தீவுத்திடலுக்குப் போய், ராட்டினம் ஏறி, டெல்லி அப்பளம் தின்று திரும்புகிறார்கள். பாதிப் பேர் சென்னையையே பார்த்ததில்லை. கைடு அந்த ஊரிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

விண்ணப்பக் கடிதமும் இதே கதை. தெருவிளக்கு எரியவில்லை என்று அல்சூர்ப் பையன் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ அவர்களுக்கு எழுதுகிறான்! பெங்களூரு மாநகராட்சியை 2025-இல் ஐந்தாகப் பிரித்தார்கள். நம் தெரு எதில் வருகிறது, யாருக்கு எழுதவேண்டும் என்று விசாரித்து எழுதினால் அதுவல்லவா பயிற்சி? அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அததன் இடத்தில் இருந்தால் மதிப்பெண் விழுந்துவிடும். எந்தக் கம்பத்து விளக்கு என்று யாரும் கேட்பதில்லை.

செய்யுளுக்கு வருவோம். ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’ குறளை ஒரு பெண் தேமா, புளிமா என்று கடகடவென அலகிட்டாள். “உன்னை வம்புக்கு இழுத்தவளுக்கு நீ நல்லது செய்வியா?” என்று கேட்டேன். “மாட்டேன் மிஸ். வள்ளுவருக்கு எங்க கிளாஸைப் பத்தித் தெரியாது” என்றாள். அதையே எழுது என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஒற்றுப்பிழை நிறைய இருந்தது, சரி. ஆனால் வள்ளுவரோடு மல்லுக்கு நின்றிருந்தாள். அப்படி ஒரு விடைக்குக் கேள்வித்தாளில் இடம் எங்கே இருக்கிறது?

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. குறள் நெஞ்சில் நிற்கட்டும், ஆயுசுக்கும் உதவும். கட்டுரையை எதற்கு உருப்போட வேண்டும்?

அப்புறம், அந்த 125-இல் பள்ளியே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண் 25. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த பாரதியார் வரலாறு பளபளக்கும் உறையில் வந்தால் 24, 25. கையால் எழுதி, அடித்துத் திருத்திக் கொண்டுபோன பையனுக்கு ‘நீட்டாக இல்லை’ என்று குறைத்துவிட்டார்கள். திருத்தி எழுதியதற்குத்தான் ஐயா கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும்!

தேர்வு வாரியத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பாடப்புத்தகத்தில் இல்லாத சின்னப் பாடல் ஒன்றைக் கொடுத்து, மாணவர் கருத்தைக் கேளுங்கள். கடிதக் கேள்வியில் இந்த ஊர்ச் சங்கதியை வையுங்கள். அகமதிப்பீட்டில் முதலில் எழுதியதையும் திருத்தி எழுதியதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடை ஆளுக்கொரு விதமாக இருந்தால் எப்படித் திருத்துவது என்பார்கள். நானும் விடைத்தாள் திருத்தும் முகாமில் திருத்தியவள்தான். விடைக்குறிப்பு இருந்தால் கட்டு வேகமாக நகரும், மறுக்கவில்லை. அந்தக் குறிப்பிலேயே கருத்துக்கு இரண்டு, சொந்த எடுத்துக்காட்டுக்கு இரண்டு, நடைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் போகிறது. பொதுத்தேர்வுக்கு முன்னால் வரும் ஆயத்தத் தேர்வு ஒன்றிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
அல்சூர், பெங்களூரு