தண்ணீர் நிற்கும் தெருவுக்கும் நிற்காத தெருவுக்கும் ஒரே வழிகாட்டி மதிப்பு: மறுஆய்வு கோரி மனு

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
ராம் நகர், வேளச்சேரி,
சென்னை – 600042.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
(தலைவர், மதிப்பீட்டுத் துணைக்குழு),
சென்னை மாவட்டம்.

பொருள்: வேளச்சேரியில் மழைநீர் தேங்கும் தெருக்களுக்குத் தனி வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு குறிக்கும் நில மதிப்பு) நிர்ணயிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 1996 முதல் ராம் நகரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். மனை அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. மனைவிக்கு மூட்டுவலி. மகள் வீட்டோடு போய்விடலாம் என்று போன வருடம் வீட்டை விலைக்குச் சொன்னேன். இந்த மனுவுக்குக் காரணம் அதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு வேளச்சேரி என்றால் பெரிய மால், 2007இல் வந்து சேர்ந்த பறக்கும் ரயில், ஐ.டி. சம்பளக்காரர்கள் குடியிருக்கும் வசதியான இடம். விளம்பரத்திலும் எல்லாத் தெருவுமே ‘வேளச்சேரி’தான். உள்ளூர்க்காரர் வீடு பார்க்க வந்தால் வாஸ்து கேட்பதற்கு முன்னால், “2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்கிறார். தரகர்கள் ‘தண்ணி நிக்காத ஏரியா’ என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை. அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். 265 ஏக்கராக இருந்த ஏரி 55 ஏக்கராகச் சுருங்கிய ஊர் இது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது, அங்கே நாங்கள் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறோம்.

2015 டிசம்பரில் எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. சம்ப்பில் சாக்கடை கலந்து, மோட்டார் வீணாகி, அப்புறம் சுவரில் விழுந்த கோடு இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் போகவில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி மேட்டுத் தெருவில் இருக்கும் நண்பர் வீட்டு வாசல்படியைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. இரண்டு நாள் எங்களுக்கு அங்கேதான் சாப்பாடு. கனமழை அறிவிப்பு வந்தாலே எங்கள் பக்கத்துக் கார்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறி வரிசையாக நின்றுவிடும். 2024 அக்டோபரில் அந்தப் படம் எல்லாச் செய்திகளிலும் வந்தது. நண்பரின் கார் அவர் வீட்டு வாசலிலேயே நின்றது.

ஆனால் நண்பர் தெருவுக்கும் என் தெருவுக்கும் பதிவேட்டில் ஒரே வழிகாட்டி மதிப்பு.

எனக்கு வந்த ஒரே பார்ட்டி, வழிகாட்டி மதிப்பைவிடச் சதுர அடிக்கு 1,500 ரூபாய் குறைத்துக் கேட்டார். மொத்தம் 18 லட்சம் வித்தியாசம். மனதைத் தேற்றிக்கொண்டு சரி என்றேன். பத்திரச் செலவைக் கணக்குப் பார்த்ததும் அவர் பின்வாங்கிவிட்டார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் வழிகாட்டி மதிப்பின் மேல். கொடுக்காத 18 லட்சத்துக்கும் சேர்த்துக் கட்டினால் கூடுதலாக 1,62,000 ரூபாய். உண்மை விலையை எழுதினால், மதிப்பை முடிவு செய்ய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் முத்திரைத் தனித்துணை ஆட்சியரிடம் போய் வர வேண்டும். எனக்கும் சிக்கல் உண்டு. இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டினால், கையில் வராத பணத்தையும் விற்ற விலையாகவே வருமான வரிக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது மேடு, பள்ளம் எல்லாவற்றுக்கும் ஒரே கத்தரி. 2023இல் பழைய மதிப்புக்கே திரும்பியபோதும் அப்படித்தான். தெருவாரியாக மதிப்பு எழுதும் முறை கையில் இருந்தும், தெருவின் மட்டம் அதில் ஏறவே இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மனுவில் கையெழுத்துக் கேட்டுப் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். “நம்ம தெரு மட்டம்னு நீங்களே எழுதிக் குடுப்பீங்களா சார்?” என்றார். வங்கிக் கடன் குறையும், நாளைக்கு நிலம் எடுத்தால் இழப்பீடும் குறையும் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். அதனால் ஊர் முழுக்கக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 2015, 2023 இரண்டு வருடமும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்களை மட்டும் தனியாகப் பிரித்து மதிப்பு எழுதுங்கள். வடிகால் வேலை முடிந்து, தொடர்ந்து சில மழைக்காலம் தண்ணீர் வராமல் இருந்தால் மதிப்பைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். முடிவுக்கு முன் வரைவுப் பட்டியலை இங்கேயே ஒட்டி, என் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட எல்லோரையும் விசாரியுங்கள்.

களஆய்வைச் சித்திரையில் வைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சித்திரையில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். ஐப்பசி, கார்த்திகையில் அலுவலரை அனுப்பினால், முன்கூட்டியே சொல்லுங்கள். நண்பர் தெருவில் வண்டி நிறுத்த இடம் பிடித்து வைக்கிறேன்.

இணைப்பு: பத்திர நகல், இரண்டு வெள்ளத்தின் புகைப்படங்கள், 14 வீட்டுக்காரர்களின் கையெழுத்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)