போகி வந்ததா?

டொராண்டோ
28.1.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. ஒரத்தநாட்டு அண்ணன் பெட்டியைத் திறந்ததும் வடகப் பொட்டலத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார். அந்த வாசனையோடு பாப்பாவின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த நாலு தாள். "போனில் நீ பேசுவது என் காதில் விழவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது, இப்போதெல்லாம் பேசுவதும் இல்லை, அதனால் எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருந்தாய். அவ்வளவு கோபத்திலும் "சாப்பிட்டாயா" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன்.

சாப்பிடுகிறேன் அம்மா. பக்கத்தில் இலங்கைத் தமிழர் கடை இருக்கிறது. புழுங்கல் அரிசி, உறைய வைத்த முருங்கைக்காய், தேங்காய்ப்பூ எல்லாம் கிடைக்கும். காய்கறியை மரக்கறி என்பார்கள். கல்லாவில் இருக்கும் அக்கா "எப்படி சுகம்?" என்று கேட்பார். ஒரு நாளைக்கு அந்த ஒரு தமிழ்க் குரல் போதும் என்று இருக்கும், அதற்காகவே சில நாள் கால் கிலோ வெங்காயம் வாங்கப் போவேன்.

குளிர் இந்த மாதம் மைனஸ் 12 வரை போனது. துவைத்த சட்டையை வெளியே போட்டால் அட்டை மாதிரி நிற்கும். நீ பின்னச் சொல்லி அனுப்பிய மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொள்கிறேன். வேலையெல்லாம் எப்போதும் போலத்தான். குளிர்காலத்தில் ஓவர்டைம் கிடையாது, அவ்வளவுதான்.

வடகம் வந்த அன்றே வத்தக்குழம்பு வைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் வடகத்தை உதிர்த்துப் போட்டேனா, அது பொரிந்து மணம் வருவதற்குள் கூரையில் இருக்கும் புகை மணி அலற ஆரம்பித்துவிட்டது. காதைக் கிழிக்கிற சத்தம். நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டுக் கிழவர் ஓடி வந்தார். அணைக்க வந்தவர் சட்டியை எட்டிப் பார்த்து முகர்ந்துவிட்டு, "இது என்ன மீன்?" என்று கேட்டார். மீன் இல்லை, வெங்காயமும் உளுந்தும் கடுகும் என்றேன். நம்பவில்லை. ஒரு கிண்ணம் சோற்றோடு கொடுத்தேன், கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டார்.

அவரைப் பற்றி உனக்கு நான் எழுதியதே இல்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நியூஃபவுண்ட்லாந்து என்று கிழக்கே கடலில் ஒரு பெரிய தீவு, அந்த ஊர்க்காரர். ஜன்னலுக்குத் திரையே கிடையாது, பழைய மீன் வலையைத்தான் மடித்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வீட்டுக்குள்ளும் கம்பளிக் குல்லாயைக் கழற்ற மாட்டார். என்னை மட்டுமில்லை, தபால்காரரைக்கூட "மகனே" என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் ஊர் வழக்கமாம். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, சரி, அதை விடு.

பொங்கலுக்கு முதல் நாள் படிக்கட்டில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கிழவர் நிமிர்ந்து, "போகி வந்ததா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படிப் போகிப் பண்டிகை தெரியும் என்று வாயைப் பிளந்து நின்றேன். அப்புறம்தான் புரிந்தது. வேலை போனவர்களுக்கு இங்கே தரும் பணத்தை அந்தக் காலத்து ஆட்கள் போகி என்பார்களாம். அவர் கேட்டது என்னை இல்லை, என் அறையில் இருக்கும் பையனை.

அவன் கொரடாச்சேரிப் பக்கம். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாளே பஸ் ஏறிப் போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவாய். எங்கள் கதவு ஃபாக்டரியில்தான் இருந்தான். வங்கி வட்டி ஐந்து சதவீதம்வரை ஏறியதில் புதுவீடு வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வீடு இல்லாவிட்டால் கதவு எதற்கு? போன நவம்பர் 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலரைக் கூப்பிட்டுத் திங்கள்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை என்னை வைத்துக்கொண்டார்கள்.

இங்கே வேலை பார்க்கும்போதே சம்பளத்தில் இதற்கென்று கொஞ்சம் பிடித்து வைப்பார்கள். இ.ஐ. என்று பேர், வேலைக் காப்பீடு. முதல் சட்டம் 1940-லேயே வந்துவிட்டது. ஊரைப் பொறுத்து 420-லிருந்து 700 மணி நேரம்வரை வேலை பார்த்திருந்தால் கேட்கலாம். சம்பளத்தில் நூற்றுக்கு 55 பங்கு தருவார்கள், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அப்பாவிடம் இதைச் சரியாகப் படித்துக் காட்டு. "சர்க்காரிடம் கையேந்தினானா" என்று அவர் சொல்லக் கூடாது. இது அவன் கட்டிய பணம், நம் பயிர்க் காப்பீடு மாதிரி.

அவனுக்கு மணிக்கு 19 டாலர், வாரத்துக்கு 760. அதில் 418 வர வேண்டும், வரி போகக் கொஞ்சம் குறையும். முதல் வாரத்துக்குக் கிடையாது. மற்றபடி 28 நாளில் கணக்கில் ஏறிவிட வேண்டும் என்பது பேச்சு. அவன் எழுதிப் போட்டு இன்றோடு 76 நாள்.

என்ன ஆயிற்று என்றால், வேலை நின்றதும் ஃபாக்டரி ஒரு தாள் அனுப்ப வேண்டும். ஏன் நின்றது என்பதற்கு அதில் ஓர் ஆங்கில எழுத்து. வேலை இல்லாமல் நிறுத்தினால் 'ஏ'. தானாக விட்டுப் போனால் 'ஈ'. கணக்கு எழுதுகிற பெண் 'ஈ' போட்டுவிட்டாள். தக்க காரணம் இல்லாமல் தானாக விட்டவனுக்கு ஒன்றும் கிடையாது என்பது சட்டம். நம் பள்ளிக்கூடத்தில் 'ஈ' என்றால் கொடு என்று அர்த்தம் சொல்லித் தந்தார்கள். இங்கே அது கொடுக்காதே என்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால் கிறிஸ்துமஸ் விடுமுறை. திரும்பி வந்து, "அடடா, கை தவறிவிட்டது" என்று சொல்லித் திருத்தி அனுப்பியது ஜனவரி 9. அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் பார்த்தால் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே வரி. புதன்கிழமை மத்தியானம் நூலகத்தில் பார்த்தபோதும் அதே வரிதான். போன் போட்டால் ஒரே பாட்டை ஒன்றரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். அந்தப் பாட்டை இப்போது தூக்கத்தில்கூடப் பாடுவேன். அவன் பாடுவான்.

கிழவர்தான் அவனுக்கு வக்கீல். ஒரு நாள் பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். உள்ளே முழுக்கத் தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டது, எல்லாம் இற்றுப் போய்த் தொட்டாலே அறுந்தது. 1992 ஜூலை 2-ஆம் தேதி அவர்கள் கடலில் காட் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டதாம். ஐந்நூறு வருஷமாகப் பிடித்த மீன் அற்றுப் போகிற நிலைமைக்கு வந்துவிட்டதாம். ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் தொழில் இல்லை. அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு காகிதமும் அந்த டின்னில் இருக்கிறது. பட்டா, சிட்டா, கந்தாய ரசீது எல்லாம் வைத்திருக்கும் அப்பாவின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது.

அவர் சொன்னது இதுதான். பணம் வராவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அறிக்கை கொடுப்பதை விடக்கூடாது, விட்டால் அந்த வாரங்கள் கையை விட்டுப் போய்விடும். பேசியவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்து வைக்க வேண்டும். கிடையாது என்று கடிதம் வந்தால் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கடைசியாக, "கோபப்படாதே மகனே, போனை எடுக்கிறவளும் சம்பளக்காரிதான்" என்றார். இது ஒன்றுதான் கஷ்டம்.

அவனுக்குக் கைமாற்றாகக் கொஞ்சம் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதமாக உனக்குப் பணம் அனுப்ப முடியாமல் போனது அதனால்தான். வேறொன்றும் இல்லை, மனதில் போட்டுக்கொள்ளாதே.

இன்று ஜனவரி 28. மேட்டூரை மூடுகிற தேதி இல்லையா? இந்தத் தடவை போன அக்டோபர் 10-லேயே மூடிவிட்டார்கள், அப்பாவுக்குத் தேதி பார்க்க வேலையே இல்லை. குறுவை காய்ந்ததும், சம்பாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரையேற்றியதும், மார்கழிக் கடைசி மழையில் அது சாய்ந்ததும் நீ எழுதித்தான் தெரியும். நான் சின்னவனாக இருந்தபோது தண்ணீர் வருகிறது என்றால் அப்பா சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து மூணாறு தலைப்புக்குக் கூட்டிப் போவார். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடத்தில் நுரை தள்ளிக்கொண்டு வரும் அந்த முதல் தண்ணீர், செத்தையும் சருகுமாக. அந்த இரைச்சலில் அப்பா பேசுவது கேட்காது, வாய் மட்டும் அசையும். இங்கே பனி விழுந்தால் சத்தமே இருக்காது அம்மா. மழை என்றால் ஓட்டில் கேட்கும், தூங்கலாம். இது எதுவும் சொல்லாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் தெரு முழுக்க வெள்ளையாக இருக்கும், ஒரு நாய் குரைக்காது. அப்போது

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா சடங்குக்கு மாசியில் நாள் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தாய்மாமன் நான் இல்லாமல் சீர் எப்படி என்று அத்தான் வீட்டில் பேச்சு வரும், தெரியும். ஆனால் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் அந்த நாட்களுக்கு இ.ஐ. பணம் தர மாட்டார்கள், நெருங்கிய சொந்தத்தில் சாவு, கடும் நோய் மாதிரி சிலவற்றுக்குத்தான் ஏழு நாள் விடுவார்கள். அந்தப் பையனால் வர முடியாது. நானும் தனியாக எப்படி வருவது? டிக்கெட் விலையும் அதிகம். சித்தப்பாவை என் இடத்தில் நின்று மாலை போடச் சொல். பட்டுப்பாவாடையும் பதினோரு தட்டும் வைத்தால் போதும், இருபத்தோரு தட்டு என்று நீ ஆரம்பிக்காதே. தோட்டுக்குப் பீரோவில் இருக்கும் என் மோதிரத்தை அழித்துக்கொள். அக்காவிடம் நானே போனில் சொல்லிக்கொள்கிறேன், அவள் கொஞ்சம் திட்டுவாள், பரவாயில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் உன் சங்கிலிக்குப் பங்குனியோடு கெடு முடிகிறது. மீட்க வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கச் சொல். குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று அரசு அறிவித்த நிவாரணம் அப்பா கணக்கில் ஏறியதா? நம் ஐந்து மா நிலத்துக்கு ஒன்பதாயிரம் வர வேண்டும். வராவிட்டால் அடங்கலையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு நேரில் போகச் சொல், யாரிடம் பேசினார் என்று தேதி போட்டுக் குறித்து வைக்கச் சொல். சாய்ந்த சம்பாவை மெஷின் வைத்து அறுத்தால் கூலி கூடும். ஆள் கிடைத்தால் ஆளே விடுங்கள். ஈரத்தோடு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், ரோட்டில் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுபோகட்டும்.

பெண் பார்க்கும் பேச்சை ஆடி முடியும்வரை எடுக்காதே. பையன் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பார்கள். நிதானமாகச் சொல்லலாம்.

அப்பாவின் கண்ணைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டு. அடுத்து யாராவது வந்தால் வடகம் இரண்டு பொட்டலமாகக் கட்டு, கீழ்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் மகன்

பி.கு.: அந்தப் பையனின் அம்மாவும் அவனைச் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். எங்கேயாவது பார்த்தால் சாப்பிடுகிறான் என்று சொல்லிவிடு. போகி வந்ததும் எழுதுகிறேன்.