படகு ஏன் எதிர்ப்பக்கம் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளிடமிருந்து செல்போனை மீட்பது எப்படி என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அதே போனில் பிள்ளைகள் என்னவெல்லாம் உருவாக்கலாம் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் கம்ப்யூட்டர் கிடையாது. அப்பாவின் போன்தான், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகு. கோடிங், அதாவது கணினிக்குக் கட்டளை எழுதுவது, என்றதும் எல்லோரும் சொல்லும் ஸ்கிராட்ச், 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வெளியிட்ட அருமையான கருவி. ஆனால் அதில் சொந்தமாக ஒன்றைச் செய்ய கணினியோ டேப்லெட்டோ வேண்டும். ஐந்து முதல் ஏழு வயதுக்கான ஸ்கிராட்ச் ஜூனியரும் டேப்லெட்டை மனத்தில் வைத்துச் செய்ததுதான்.

போனிலேயே தொடங்கி போனிலேயே முடிக்க எனக்குக் கைகொடுத்தது பாக்கெட் கோட் என்ற செயலி. ஆஸ்திரியாவில் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வொல்ஃப்காங் ஸ்லானி 2010இல் தொடங்கிய திட்டத்தில் உருவானது, இலவசம். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம். வண்ணப் பட்டைகளாக இருப்பவற்றை விரலால் இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும். போன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக்கூட ஒரு எண்ணாக எடுத்துக் கணக்கில் சேர்க்கலாம்.

போன விடுமுறையில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதில் ஒரு படகு செய்தாள். போனை இடப்பக்கம் சாய்த்தால் படகு வலப்பக்கம் ஓடியது. "போன் கெட்டுப்போச்சா டீச்சர்?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்பச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சாய்வு எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டாள். படகு சொன்னபடி கேட்டது. பூஜ்யத்துக்குக் கீழே வரும் குறை முழுக்களை எண்கோடு வரைந்து நான் எத்தனை நாள் நடத்தியிருப்பேன்! அவள் முகத்தில் அன்று பார்த்த தெளிவை வகுப்பில் பார்த்ததில்லை.

சிரமமும் இருக்கிறது. பட்டைகள் கூடக் கூட, கையகலத் திரையில் மேலும் கீழும் தள்ளித்தான் தேட வேண்டும். கண்ணும் வலிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் நான் விடுவதில்லை.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சின்னப் பயிற்சியை எளிய தமிழில் படத்தோடு போடுங்கள். அப்பா அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து செய்து பார்ப்பார்கள். முதல் வாரத்துக்கு அந்தப் படகையே போடலாம், அவளிடம் கேட்டு நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியை ஒருவர்,
தேனி மாவட்டம்.